ஊருக்கும் ஒரு டச்சப்

என்னிடம் போட்டோ எடுத்துக் கல்யாணம் ஆன பெண்கள் அருப்புக்கோட்டையைச் சுற்றி முந்நூறு பேராவது இருப்பார்கள். அவர்களில் ஐம்பது பேருடைய மாமியார்களாவது என்னை மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். போட்டோவில் பார்த்த பெண் வேறு, வந்து இறங்கிய பெண் வேறு என்று சண்டை நடந்த வீடுகள் எனக்குத் தெரியும். அதற்கு நான் என்ன செய்வது? பெண்ணைப் பெற்றவர் கேட்டார், செய்து கொடுத்தேன். மாறுகண்ணை நேராக்க என்னால் முடியாது. எடுப்பான பல்லை உள்ளே தள்ள முடியாது. மற்றபடி மரு, பரு, கண்ணுக்குக் கீழே கருவளையம், அம்மைத் தழும்பு எதுவும் என் பென்சிலுக்கு முன்னால் நிற்காது.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தழும்பின் பள்ளம் பிரிண்டில் கறுப்பாக விழும். நெகட்டிவில் அது பொடிப்பொடியான வெளிச்சப் புள்ளி. பென்சிலை ஊசி மாதிரி சீவி, பூதக்கண்ணாடி வைத்து, அந்தப் புள்ளியை மட்டும் நிரப்பிவிட்டால் பள்ளம் மேடாகிவிடும். இதற்கு டச்சப் என்று பெயர். என் அப்பா பஜாரில் வத்தல் கடை வைத்திருந்தார். பழைய மிளகாய் வத்தலுக்கு எண்ணெய் தடவி மினுக்கி விற்றதாக அவரை ஒரு தடவை பிடித்துக்கொண்டு போனார்கள். நான் அதே வேலையை முகங்களுக்குச் செய்தேன். போர்டில் இங்கிலீஷில் எழுதி வைத்திருந்ததால் என்னை எல்லோரும் ஆர்ட்டிஸ்ட் என்றார்கள்.

இந்தக் கதை 1973 தை மாதத்தில் ராஜகுரு சார் என் ஸ்டூடியோவுக்குள் வந்ததிலிருந்து தொடங்குகிறது. அவர் ஒரு பஞ்சாயத்து யூனியனில் எக்ஸ்டென்ஷன் ஆபீசர். எந்த யூனியன் என்று கேட்காதீர்கள். அவருக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். நல்ல மனிதர். லஞ்சம் வாங்கமாட்டார், குடிக்கமாட்டார். அவருக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம் இங்கிலீஷ். மதுரையிலிருந்து வரும் பேப்பரில் புதுச் சொல் ஏதாவது கண்ணில் பட்டால் சிவப்பு மையால் கோடு போட்டு, ஒரு நோட்டில் எழுதிவைத்து, அன்று சாயங்காலத்துக்குள் யார் தலையிலாவது அதை இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

"அண்ணாச்சி, மெட்ராஸ்ல ஒரு பழைய ஆஸ்பத்திரிக்கு பேஸ் லிப்ட் குடுத்திருக்காக" என்றார் அன்றைக்கு.

"அப்படின்னா?"

"சீமையில வயசான சினிமாக்காரிகளுக்கு மூஞ்சித் தோலை இழுத்து காதுக்குப் பின்னால வச்சுத் தைச்சிருவாகளாம். சுருக்கமே தெரியாது. அதே மாதிரி கட்டடத்துக்கும் பண்றது."

கட்டடத்துக்குக் காது எங்கே இருக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது. ஆபீசர் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஜில்லாவில் நன்றாக வைத்துக்கொள்ளப்பட்ட கிராமங்களுக்குப் போட்டி அறிவித்திருந்தார்கள். ஒவ்வொரு யூனியனும் ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, அழகுபடுத்தி, போட்டோ எடுத்து, ஆல்பமாக மதுரைக்கு அனுப்பவேண்டும். அப்போது எங்கள் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் பெரிய ஆபீஸ்கள் எல்லாம் மதுரையில்தான் இருந்தன. அங்கிருந்து வெயிலில் வந்து பார்ப்பதற்கு யாருக்கும் உடம்பு வணங்கவில்லை என்று நினைக்கிறேன். போட்டோவே போதும் என்று சொல்லிவிட்டார்கள். ராஜகுரு சார் தேர்ந்தெடுத்த ஊர் ஓடையேந்தல்.

"ஏன் சார், ஓடையேந்தல்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. அதான் இம்ப்ரூவ்மெண்டுக்கு நெறைய எடம் இருக்கு" என்றார். பிறகு நோட்டைப் பிரித்து எனக்குப் பாடம் நடத்தினார். இம்ப்ரூவ்மெண்ட் வேறு, பியூட்டிபிகேஷன் வேறு, ரெனவேஷன் வேறு, லேண்ட்ஸ்கேப்பிங் வேறு, பேஸ் லிப்ட் வேறு. எல்லாவற்றுக்கும் ஆல்பத்தில் தனித்தனிப் பக்கம். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

போய்ப் பார்த்தபோது எல்லாச் சொல்லும் சேர்ந்து இரண்டு மூட்டைச் சுண்ணாம்பாக ஓடையேந்தலுக்கு வந்து இறங்கியிருந்தது. திருச்சுழி பஸ்ஸில் போய் ஊர் ரோடு பிரியும் இடத்தில் இறங்கி, முக்காலியையும் கேமராப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்தேன். ரோட்டைப் பார்த்த சுவர்களுக்கெல்லாம் வெள்ளை அடித்திருந்தார்கள். அதே சுவரின் மறுபக்கம் பழைய மண்ணாகவே இருந்தது. பிரசிடெண்ட் கோட்டைச்சாமி வீட்டுக்கு மட்டும் நாலு பக்கமும். மைல் கல்லுக்கு வெள்ளை, புளியமரத்துத் தூருக்கு வெள்ளை, பள்ளிக்கூடத்து வாசற்படிக்கு வெள்ளை. வேலிக்கருவைக் கொப்புகளை வெட்டி வரிசையாக ஊன்றியிருந்தார்கள். அது லேண்ட்ஸ்கேப்பிங். கிழக்குத் தெரு ரோட்டுக்குத் தெரியும் இடத்தில் பனையோலைத் தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். அதற்கும் நோட்டில் ஒரு சொல் இருந்தது, இப்போது எனக்கு ஞாபகம் இல்லை.

கிழக்குத் தெருவில் அறுபது வீடு. எல்லாம் காடுகரையில் கூலி வேலை பார்த்த சனம். அவர்களுக்குத் தெருவில் கிணறு கிடையாது. ஊருணி வற்றினால் இரண்டு மைல் தள்ளிப் பக்கத்து ஊர்க் கிணற்றுக்குப் போகவேண்டும். அங்கே உள்ளவர்கள் எடுத்து முடிக்கும்வரை ஓரமாக நிற்கவேண்டும். விடியக் கிளம்பினால் குடத்தோடு திரும்ப உச்சிப்பொழுது ஆகிவிடும், அன்றைய கூலி போய்விடும். தெருவுக்கு ஒரு போர் போட்டு அடிபம்பு வைத்துத் தரச்சொல்லி மூன்று வருஷமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு கரைக்க வேண்டிய தண்ணீரையும் மூன்று நாள் சுமந்து வந்தது அந்தத் தெருப் பெண்கள்தான்.

அந்த மனுவில் முதல் கைநாட்டு மாரிக்கனியுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். நெட்டையான உருவம், கணீரென்ற குரல், முகம் நிறைய அம்மைத் தழும்பு. சின்ன வயதில் வார்த்த பெரியம்மை, கன்னத்தில் விரல் வைக்க இடம் விடாமல் போயிருந்தது. போர் கேட்டவளே நிற்கட்டும் என்று கோட்டைச்சாமி அவளைத்தான் போட்டோவுக்குப் பிடித்து வைத்திருந்தார். தன் சம்சாரத்தின் சரிகை போட்ட கெண்டைச் சேலையைக் கட்டச் சொல்லி, தன் வீட்டுப் பித்தளைக் குடத்தை இடுப்பில் கொடுத்து, ஊருணிக் கரையில் நிறுத்தியிருந்தார்.

"இருக்கிற கோலத்தை அப்படியே எடுத்தா என்ன பிரசிடெண்டு? தண்ணி இல்லைன்னு தெரிஞ்சாத்தான போர் குடுப்பாக?" என்று கேட்டேன். இதை நான் கேட்டேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் செய்ததற்கு என்னைத் திட்டும்போது உதவும்.

கோட்டைச்சாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பொண்ணு பாக்க வாரவுகளுக்கு கிழிஞ்ச பாயையா விரிப்போம்? நாலு வீட்டுல எரவல் நகை வாங்கிப் போட்டுத்தான அவையில நிறுத்துதோம். ஒண்ணும் இல்லாதவன் வீட்டுல எவன் அண்ணாச்சி சம்பந்தம் பண்ணுவான்? நல்லாருக்கிற ஊருக்குத்தேன் கவர்மெண்டும் குடுக்கும்."

ராஜகுரு சாரும் அதையே சொன்னார். படம் முதலாவதாக வந்துவிட்டால் அடுத்த போர் ஓடையேந்தலுக்குத்தான் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்பினார். அந்த ஊரில் அத்தனை பேரும் அரசாங்கத்தை மாப்பிள்ளை வீடாகவே நினைத்தார்கள். குறையை மறைத்து முகூர்த்தத்தை முடித்துவிட்டால் பிறகு சமாளித்துக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அதில் பிழைப்பு நடத்திய நான் என்ன சொல்லமுடியும்?

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். மாரிக்கனிக்குப் பின்னால் ஊருணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு வெள்ளாடு.

"சார், ஆட்டை விரட்டிரலாம். தண்ணிக்கு என்ன செய்றது?"

"அதுக்குத்தான உங்களைக் கூட்டிட்டு வந்தது. கொஞ்சம் பினிஷிங் டச் குடுத்திருங்க."

"மூஞ்சிக்குத்தான் சார் டச்சப். ஊருணிக்கெல்லாம் யாரும் போட்டதில்லை."

"நீங்க போட்டா வராதா?" என்றார். மனுஷனுக்கு ஆளைத் தெரியும். அந்த ஒரு கேள்வியில் நான் கவிழ்ந்துவிட்டேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற மாரிக்கனி, "அப்ப எம் மூஞ்சிக்கும் அதைப் போட்டு விட்டிருங்க அண்ணாச்சி. ஊரே வெளுக்கையில நான் மட்டும் எதுக்கு இப்பிடி நிக்கணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு, நான் என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று பார்த்தபடியே நின்றாள்.

நாலு நாள் உட்கார்ந்தேன். சின்னச் சின்ன அலை, கரை ஓரத்தில் ஒரு மினுமினுப்பு, புளியமரத்தின் நிழல்கூடத் தண்ணீரில் விழுந்த மாதிரி செய்தேன். அவள் முகத்துக்கு மட்டும் ஒரு நாள் முழுக்க ஆனது. என் ஆயுசில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை, இனிமேலும் செய்யமாட்டேன். அந்த வாரம் சாமான் வாங்க டவுனுக்கு வந்த மாரிக்கனி ஸ்டூடியோவுக்குள் எட்டிப் பார்த்தாள். பிரிண்டைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தேன் இருக்கா" என்றாள், வேறு யாரையோ சொல்வது மாதிரி. பிறகு விரலால் ஊருணியைத் தொட்டாள். "தண்ணியும் நல்லாத்தேன் இருக்கு. இது ஏதுன்னு கேட்டா என்ன சொல்றது?"

"யாரும் கேக்கமாட்டாக" என்றேன். கேட்கவும் இல்லை.

ஓடையேந்தல் ஜில்லாவில் முதலாவதாக வந்தது. விழா வைத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட சர்டிபிகேட் கொடுத்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாததால் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பஞ்சாயத்து ஆபீசில் மாட்டினார்கள். ராஜகுரு சாருக்குப் பிரமோஷன் கிடைத்து வேறு ஜில்லாவுக்குப் போனார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரும் சேந்து ஒரு ஊரையே மாத்திட்டோம் அண்ணாச்சி" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். ஓடையேந்தலால் வந்த தண்ணீர் அது ஒன்றுதான்.

போர் போடுகிற லாரி வைகாசியில் வந்தது. ரோட்டில் அது வருவதைப் பார்த்து ஊரே திரண்டு ஓடி வந்து நின்றது. லாரி நிற்கவில்லை. கோட்டைச்சாமி துண்டைச் சுழற்றி ஆட்டினார். வழியனுப்புகிறார்கள் என்று டிரைவர் நினைத்திருக்கவேண்டும், ஆரன் அடித்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த வருஷம் மழையும் அதே மாதிரி போய்விட்டது. அன்றைக்கு வெள்ளாடு நின்ற ஊருணியில் இப்போது ஆட்டுக்குக்கூடப் புல் இல்லை. யூனியன் ஆபீசில் போய்க் கேட்டவர்களுக்குப் புதிய ஆபீசர் பதில் சொன்னார். தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஊர்களின் லிஸ்ட் வேறு, இம்ப்ரூவ்டு ஊர்களின் லிஸ்ட் வேறு. ஓடையேந்தல் இரண்டாவதில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு அதிலிருந்து எடுக்கமுடியாது. வேண்டுமானால் மதுரையில் போய்க் கேளுங்கள்.

மாரிக்கனி நேராக என் ஸ்டூடியோவுக்கு வந்தாள். "படத்தை எடுத்த ஆளு நீங்க. வந்து சொல்லுங்க" என்றாள். எனக்குப் போக இஷ்டமில்லை. தண்ணீர் என் பென்சிலில் வந்தது என்று ஆபீசில் சொன்னால் சர்க்காரை ஏமாற்றினேன் என்று கேஸ் போடுவார்களோ என்று பயம். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனதைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். ஆனால் அவள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் காரியாபட்டி வழியாக மதுரைக்கு பஸ் ஏறினோம்.

அங்கே இருந்த ஆபீசர் பொறுமையானவர். எங்களை உட்காரச் சொல்லி, ஆல்பத்தை வரவழைத்துப் பிரித்தார். "ஊருணி நெறையத் தண்ணி இருக்கேம்மா" என்றார்.

"அது அந்தப் படத்துல மட்டுந்தேன் சாமி. குடத்தோட நிக்கிறது நாந்தேன்."

ஆபீசர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "இது வேற ஒரு அம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தப்பாக ஞாபகம் வைத்திருக்கும் ஒருவருக்கு எடுத்துச் சொல்வது மாதிரி சொன்னார்.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். அதற்குப் பதிலாக ஒரு யோசனை சொன்னேன். "இப்ப உள்ள நெலமையை நான் புதுசா ஒரு படம் எடுத்துட்டு வாரேன் சார். நீங்களே பாருங்க." உண்மையையும் சொன்ன மாதிரி ஆயிற்று, நானும் மாட்டவில்லை என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

இந்தத் தடவை ஆள் சந்தேகம் வரக்கூடாதென்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். அதே கெண்டைச் சேலை, அதே குடம், அதே புளியமரம், கையை வைத்த இடம்கூட அதே. பென்சில் படவில்லை. பத்து நாள் கழித்து இரண்டு பேரும் படத்தோடு மதுரைக்குப் போனோம். ஆபீசர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஊருணியைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "ஒரே வருஷத்துல இவ்வளவு டீட்டீரியரேஷனா" என்றார். ஊர்க்காரர்கள் பராமரிக்காமல் விட்டதால் கெட்டுப்போயிருக்கிறது, அதற்குப் பஞ்சாயத்துதான் விளக்கம் தரவேண்டும் என்றார். பிறகு அவர் கண் படங்களில் இருந்த முகத்துக்குப் போனது; ஆள் ஒன்றுதான் என்பதில் இப்போது அவருக்குச் சந்தேகமில்லை. உற்றுப் பார்த்தார். அப்படியே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஏம்மா, உனக்கு எப்ப பெரியம்மை வந்தது?"

"எட்டு வயசுல சாமி."

"பொய் சொல்லாதே. போன வருஷம் முகம் சுத்தமா இருந்திருக்கு. கவர்மெண்ட் ரெக்கார்டு இருக்கு இங்க."

மாரிக்கனிக்குப் புரியவில்லை. ஆபீசர் கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே ரெண்டையும் எடுத்தீங்க. போன வருஷம் இவங்க முகம் இப்படித்தான் இருந்ததா?"

ஆமாம் என்றால் என் பென்சில் வெளியே வந்துவிடும்.

"இல்லை சார்" என்றேன்.

மாரிக்கனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆபீசர் எங்களை உடனே ஊருக்குப் போகச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். அந்தச் சமயத்தில் பெரியம்மையை ஒழித்தே தீருவதென்று சர்க்கார் வரிந்துகட்டி நின்றது. எங்கள் பக்கம் ஐந்தாறு வருஷமாக ஒரு கேஸ் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் புதிதாக ஒன்று என்றால் மெட்ராஸ் வரைக்கும் மணி அடிக்கும்.

திரும்பி வரும்போது பஸ் காரியாபட்டியைத் தாண்டியது. அவள் ஜன்னலைப் பார்த்தபடியே, "எனக்கு எப்ப அம்மை வாத்துச்சுன்னு எனக்கே தெரியாமப் போச்சே அண்ணாச்சி" என்றாள். நான் செத்துப்போயிருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, அருப்புக்கோட்டையில் இறங்கி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் நாலு ஜீப்புகள் ஓடையேந்தலுக்குள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நுழைந்தன. நாலு வருஷ மனுவுக்கு ஒரு சைக்கிள்கூட வந்ததில்லை. பச்சைப்பிள்ளை முதல் கிழவன் வரை அத்தனை பேருக்கும் ஊசி குத்தினார்கள். மாரிக்கனியை ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை போட்டு அதில் வைத்து, சுற்றிலும் கயிறு கட்டி, வாசலில் காவலுக்கு ஒரு ஆளை உட்காரவைத்தார்கள். அவள் புருஷன் சோணைமுத்து சோற்றுச்சட்டியைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போகவேண்டும். வந்தவர்களுக்குத் தலைவராக இருந்தவர் சுப்புராஜ் என்ற ஹெல்த் இன்ஸ்பெக்டர். இருபத்தாறு வயது. பெரியம்மையைப் புஸ்தகத்தில் மட்டும் பார்த்தவர்.

ஊரிலேயே முகாம் போட்டுத் தங்கியவர்கள் பதினெட்டுப் பேர். அவர்கள் குளிக்கவேண்டும், ஊசி கழுவவேண்டும், சமைக்கவேண்டும். முதல் நாளே சுப்புராஜ் ஊருணியைப் போய்ப் பார்த்துவிட்டு மேலே எழுதினார். இரண்டாம் நாள் காலையில் தண்ணீர் லாரி வந்தது. தினம் இரண்டு நடை. முகாமுக்குப் போக மிச்சத்தை ஊருக்கு ஊற்றச் சொல்லிவிட்டார், மகராசன். கிழக்குத் தெருவில் அறுபது வீட்டுப் பானையும் வரிசையில் வந்து நின்றது.

முதல் நாள் முழுக்க மாரிக்கனி கொட்டகைக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தாளாம். எட்டு வயதில் வந்தது, எட்டு வயதில் வந்தது என்று தொண்டை கட்டும்வரை. இரண்டாம் நாள் லாரி வந்ததைக் கயிற்றுக்குள் நின்று பார்த்திருக்கிறாள். அன்று சாயங்காலம் சுப்புராஜ் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, எப்ப வந்தது" என்று கேட்டதற்கு, "போன மாசியில" என்று சொல்லிவிட்டாள்.

"ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொல்றியே, கண்ணு அவிஞ்சிரும்டி" என்று கயிற்றுக்கு வெளியே நின்று சிலர் ஏசியிருக்கிறார்கள், தலையில் நிறைகுடத்தோடு.

"அவ கோயில்ல ஊத்தவும் தண்ணி வேணும்ல. அவ கோவிச்சுக்கிட மாட்டா" என்றாளாம்.

இதெல்லாம் சோணைமுத்து எனக்குச் சொன்னது. நோயாளியின் முகத்தை வாராவாரம் போட்டோ எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பவேண்டும் என்று உத்தரவு. சுற்றுவட்டாரத்தில் கேமரா வைத்திருந்தவன் நான். அதனால் மறுபடியும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடையேந்தலுக்குப் போனேன். முதல் வாரம் அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சொன்ன பக்கம் திரும்பினாள், அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் போனபோது சுப்புராஜ் கவலையாக இருந்தார். மெட்ராஸிலிருந்து காகிதம் வந்திருந்தது. தழும்பு பழசு மாதிரித் தெரிகிறது, இந்த வாரப் படத்திலும் மாற்றம் ஒன்றும் இல்லையென்றால் முகாமைக் கலைத்துவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். "கலைச்சா லாரி?" என்று கேட்டேன். "லாரி முகாமுக்குத்தான சார்" என்றார். கொட்டகை பக்கத்தில் நின்றுதான் பேசினோம். மாரிக்கனிக்குக் கேட்டிருக்கும்.

நான் கேமராவை நிறுத்தினேன். காவல்காரன் வெயிலுக்கு ஒதுங்கிப் புளியமரத்தடிக்குப் போயிருந்தான். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதற்கு முன்னால் அவள் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அழிச்சீகள்ல. அதே மாதிரி போடவும் வருமா?"

"எதைப் போட?"

"தழும்பைத்தேன். இங்கிட்டு ஒரு நாலு, நெத்தியில ரெண்டு. புதுசா வந்த மாதிரி போட்டு விட்டிருங்க." கன்னத்தில் விரலை வைத்து இடம் காட்டினாள். கல்யாணப் பெண்கள் என்னிடம் இப்படித்தான் விரல் வைத்துக் காட்டுவார்கள், எடுப்பதற்கு.

"கயித்துக்குள்ள இன்னும் எத்தனை நாளு கெடப்ப தாயி? ஊர்ல ஒரு பய கிட்ட வரமாட்டேங்கிறானே?"

"வராட்டிப் போறாக. தண்ணி வருதுல்ல" என்றாள். "பெரிசாப் போடுங்க அண்ணாச்சி. மெட்ராஸ்ல இருக்கவுகளுக்குத் தெரியணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் இங்கே இருந்திருக்கமாட்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த லாரியும் வந்திருக்காது. என் பொய்யால் அவள் சிறையில் இருந்தாள், அதே பொய்யால் அறுபது வீட்டில் உலை கொதித்தது. இதை எந்த நோட்டில் எந்த இங்கிலீஷில் எழுதுவார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நெகட்டிவில் தழும்பை அழிக்கத்தான் பென்சில். உண்டாக்க வேண்டுமென்றால் கத்தியால் சுரண்டவேண்டும். ஒரு இழை ஆழமாகப் போனால் பிலிம் கிழிந்துவிடும். ஸ்டூடியோ கதவைச் சாத்திவிட்டு, கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் கேட்டது ஆறு. நான் பத்துப் போட்டேன்.